பயன்பாட்டில் இல்லாத விசில்

ஜூன் 3, செவ்வாய்

கணக்குத் தேர்வில் நாற்பத்தொன்று. அம்மாவிடம் "ஐம்பதுக்கு" என்பதை முதலில் சொல்லிவிட்டு, மதிப்பெண்ணைப் பிறகு சொன்னேன். இந்த வரிசை மிக முக்கியம்.

மாலை மொட்டை மாடியில் நானும் குண்டூசியும் ஒரே புத்தகத்தைப் படித்தோம். நான் கடைசி வரிக்கு வருவதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள், அவசரக்குடுக்கை. பண்ணையாரைக் கிணற்றில் தள்ளியது யார் என்று தெரிவதற்குள் கீழே மூன்று குட்டை விசில். அம்மா தேடுகிறாள் என்று பொருள்.

பெரியவளானபின் இதைப் படிக்கும் நான் எல்லாவற்றையும் மறந்திருக்கக்கூடும். அதனால் விளக்கமாகவே எழுதிவைக்கிறேன். கீழ் வீட்டில் நாங்கள். மேல் வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகள் குண்டூசி. (ஒல்லி, குத்துவாள். என்னைவிடச் சில நாட்களே மூத்தவள். அதற்காக அக்கா என்று கூப்பிட வேண்டுமாம். கூப்பிட மாட்டேன்.) வீட்டுக்குப் பின்னால் எங்கள் விசில் கம்பெனி, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாதிப் பாதி. பெட்டியில் போடும் முன் ஒவ்வொரு விசிலையும் காற்றுக் குழாயில் சொருகி ஊதிப் பார்ப்பார்கள். வருகிற விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அதுதான் தாலாட்டு.

அதனால் இந்த வீட்டில் பாதிப் பேச்சு விசிலிலேயே நடக்கும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை: மொட்டை மாடிக்கு வா. ஒரு குட்டை: சரி. நான்கு மணிக்கு மேலிருந்து ஒரே ஒரு நீள விசில் வந்தால், அது பெரியப்பா. டீ தயார் என்று பொருள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போவார்.

போவார் என்று எழுதுகிறேனே! இப்போது போவதில்லை. பெரியப்பாவுக்கு மெஷின்களை விற்றுவிட்டு வேறு ஊரில் வேறு தொழில் தொடங்க வேண்டுமாம். வாங்குகிற ஆள் வந்து மெஷின்களில் சாக்பீஸால் அடையாளம்கூடப் போட்டுவிட்டுப் போனான். அவனிடம் காட்ட முடியாதபடி அப்பா கணக்குக் கோப்புகளைத் தூக்கி வந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். பெரியப்பா "திருடன்" என்றார். அப்பா "துரோகி" என்றார். இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

மெஷின் போனால் மேல் வீடும் காலியாகும். குண்டூசி போய்விடுவாள். அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

ஆனால் இன்று உத்தரவு வந்துவிட்டது! யாரும் எதையும் தொடக் கூடாதாம்! நீதிபதி வாழ்க!

ஜூன் 4, புதன்

வாழ்க என்று எழுதியதைத் திரும்பப் பெறலாமா என்று யோசிக்கிறேன்.

காலையில் அம்மா சொன்னாள்: "இனிமே மேல போகக் கூடாது. அவகிட்டப் பேசக் கூடாது. நாம பேசுறது அங்க போகும், அங்க பேசுறது இங்க வரும், அப்புறம் வக்கீல் நம்மள வாட்டி எடுப்பார்." மேலேயும் இதே சட்டம் வந்திருக்கும். பள்ளி இடைவேளையில் குண்டூசி தூரத்தில் நின்று வாயைக் கோணிக் காட்டினாள். புத்தகம் அவளிடம் இருக்கிறது. கிணற்றில் தள்ளியவன் யாரென்று அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

அப்பா மேசையில் உத்தரவின் நகல் இருந்தது. இரண்டு முறை படித்தேன். என்ன தமிழ்! "இந்த வழக்கு முடியும் வரை கம்பெனியின் இயந்திரங்கள், அச்சுகள், சரக்குகள், கணக்குப் புத்தகங்கள், கோப்புகள் எவற்றையும் இரு தரப்பினரும் விற்கவோ, நகர்த்தவோ, மறைக்கவோ, அழிக்கவோ, மாற்றவோ கூடாது. இன்றுள்ள நிலை அப்படியே தொடர வேண்டும்." வேலை நடக்கலாம். ஆனால் ஒரு திருகாணிகூட இடம் மாறக் கூடாது. ஒரே வாக்கியத்தில் ஐந்து "வோ"! உரக்கப் படித்தால் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

என் அலமாரியைச் சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம், "இன்றுள்ள நிலை அப்படியே தொடர வேண்டும்" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. மேல்முறையீடு இல்லை.

ஜூன் 7, சனி

இன்று கோர்ட் கமிஷனர் வந்தார்! கமிஷனர் என்றதும் தொப்பி, லத்தி என்று நினைத்திருந்தேன். ஒரு இளம் வக்கீல்தான். கம்பெனியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடவும், ஆவணங்களைப் பூட்டி முத்திரை வைக்கவும் நீதிபதி அனுப்பியிருக்கிறார். அப்பா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம், நடுவில் அவர். ஜாடிக்கு இரண்டு கைப்பிடி மாதிரி நடந்தார்கள்.

சரக்கு எண்ணும்போது எனக்கு மனச்சாட்சி குத்தியது. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினேன்.

"இது என்ன பாப்பா?"

"கம்பெனியில பண்ணின விசில், சார். பிறந்த நாளுக்கு அப்பா குடுத்தது. ஆனா பில் போட்டாரான்னு தெரியல."

அப்பா இருமினார். பெரியப்பா எங்கேயோ பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. கமிஷனர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதினார்: "விசில் ஒன்று. சிறுமியின் வசம். பத்திரமாக வைத்திருக்க ஒப்புக்கொண்டார்." நான் கோர்ட் ஆவணத்தில் இருக்கிறேன்! "வசம்"! உலகத்தில் எத்தனை பேர் வசத்தில் ஏதாவது இருக்கிறது என்று கோர்ட்டுக்குத் தெரியும்? உடனே குண்டூசியும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், பொறாமைக்காரி.

மேல் வீட்டு வராந்தா ஆணியில் பெரியப்பாவின் பித்தளை விசில் தொங்கியது. "இதை யாரு ஊதுறது?" என்று கமிஷனர் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா, "இப்ப யாரும் ஊதுறதில்ல" என்றார். கமிஷனர் எழுதினார்: "பித்தளை விசில் ஒன்று. பயன்பாட்டில் இல்லை."

அதுதான் பட்டியலில் கடைசி வரி. எனக்கு என்னவோ போலிருந்தது.

பிறகு ரெக்கார்டு ரூம். கட்டிலுக்கடியில் இருந்த கோப்புகளும் அங்கே திரும்பிப் போயின. அப்பா பெரியப்பாவின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அப்பாவின் கைகளையே. கமிஷனர் விடாமல் தும்மினார். "தூசி" என்றார். பூட்டு, துணி, சிவப்பு அரக்கு, அதன் மேல் முத்திரை. அரக்கு உருகும் வாசனை அபாரம். முத்திரையை உடைத்தால் கோர்ட் அவமதிப்பு, ஜெயில்கூட உண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனிப் பூனையின் பெயர் ஆடிட்டர். எலிகள் கணக்குப் புத்தகங்களைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எப்போதும் கணக்குகள் மேலேயே படுத்திருப்பதால் அந்தப் பெயர். பெரிய தலை, முறைப்பான பார்வை. எல்லோரும் மரியாதையாக "அவர்" என்றுதான் சொல்வார்கள். காலைப் பாலுக்கு அவர் வரவில்லை. பின்பக்கம் போய்த் தேடினேன். ரெக்கார்டு ரூமின் உயரச் சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

மியாவ்.

முத்திரைக்குள்! ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் அலமாரி மேலே யாருமே பார்க்கவில்லை!

விசில் எடுத்தேன். "பூனை சிக்கிக்கொண்டது" என்பதற்கு எங்களிடம் சங்கேதம் இல்லை. இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஊதினேன். குண்டூசி பறந்து வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கையாலேயே என்ன என்று கேட்டாள்.

"வாயத் தொறந்து பேசுடி," என்றேன்.

"பேசினா தப்புடி!"

"இல்ல. உத்தரவு மூணாம் தேதி போட்டது. அன்னிக்கு நாம பேசிக்கிட்டுதான இருந்தோம்? இன்றுள்ள நிலை தொடரணும்னு நீதிபதி சொல்லியிருக்கார். பேசாம இருக்கிறதுதான் தப்பு."

அவள் யோசித்தாள். கண்கள் விரிந்தன.

"அப்ப இத்தனை நாளா நாம கோர்ட்டை அவமதிச்சிட்டு இருந்தோமா?"

"ஆமா."

"அடிப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன!"

உடனே பேசினோம். ஒரே மூச்சில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அதற்குள் மறுபடி மியாவ்.

பெரியவர்களிடம் சொன்னால் யார் திறப்பது என்று மறுபடி சண்டை வரும், அதற்குள் ஆடிட்டர் பட்டினியாகிவிடுவார் என்று தோன்றியது. உத்தரவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். விற்கவோ, நகர்த்தவோ, மறைக்கவோ, அழிக்கவோ, மாற்றவோ. உள்ளே எதையும் போடக் கூடாது என்று எங்குமே இல்லை! ஆனால் சன்னலுக்கு ஏற வேண்டுமானால் இரண்டு சரக்குப் பெட்டிகளை நகர்த்த வேண்டும், அது குற்றம். குண்டூசிதான் வழி சொன்னாள். அம்மாவின் துணி துவைக்கிற கல்லில் ஏறினோம். துணிக்கல் கம்பெனிச் சொத்து இல்லை.

மீன் துண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். பிஸ்கட் டப்பா மூடியை இன்னொரு கயிற்றில் இறக்கிவிட்டு, பழைய ரப்பர் குழாய் வழியாகப் பால் ஊற்றினோம். பாதி மூடியில் விழுந்தது. மீதி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. பால் கோப்பில் விழுந்தால் அது "அழிக்கவோ"வா, "மாற்றவோ"வா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது மேலே வராந்தாவில் பெரியப்பா.

"ஏய்! ரெக்கார்டு ரூம்ல இருந்து என்னத்த இழுக்குறீங்க?"

அப்பா முகத்தில் பாதி சவர நுரையோடு ஓடி வந்தார். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"உன் பொண்ண விட்டு ஃபைலை உருவுறியா?"

"என் பொண்ணா? டியூப் யார் கையில இருக்கு, பாரு! உன் பொண்ணு கையில!"

"இழுக்கல பெரியப்பா, போடுறோம்," என்றேன்.

"என்னத்த?"

"மீனு."

உள்ளேயிருந்து மியாவ். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பெரியப்பாவின் குரல் ஒரேயடியாக இறங்கிவிட்டது. "ஆடிட்டரா?"

கமிஷனருக்கு அப்பாதான் போன் போட்டார், ஸ்பீக்கரில். "சார், ஆடிட்டர் உள்ள மாட்டிக்கிட்டார்."

"ஐயையோ! நேத்துல இருந்தா? அவர் வீட்ல தேட மாட்டாங்களா சார்?"

"பூனை, சார்."

கமிஷனர், "அதான் அப்படித் தும்மினேனா!" என்றார். அவராலும் முத்திரையை உடைக்க முடியாதாம். நாளைக் காலை நீதிபதியிடம் இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். அதுவரை மீன் போடலாம், ஈரம் கூடாது.

மனுவை எங்கே எழுதுவது? அப்பா மேலே போக மாட்டார். பெரியப்பா கீழ் வீட்டுக்குள் வர மாட்டார். மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு படியில். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு. (எனக்கு!)

"கம்பெனிக்குச் சொந்தமான பூனைன்னு எழுதும்மா," என்றார் அப்பா.

"கம்பெனிக்கா? சாக்கடையில இருந்து தூக்கிட்டு வந்தவன் நான்."

"டெய்லி பால் வாங்கினது யாரு?"

"உன் பால் தண்ணி. அது குடிச்சதே மேல் வீட்டுப் பால்!"

கடைசியில் "மேற்படி வளாகத்தில் வசிக்கும் மேற்படி பூனை" என்று எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் பேனாவில்.

ஜூன் 9, திங்கள்

பால் ஊற்றியதற்கு விளக்கம் கேட்கலாம் என்று கமிஷனர் சொன்னதால் பள்ளிக்கு மட்டம்! கோர்ட்டுக்குப் போனேன்! ஜெயிலில் புத்தகம் படிக்க விடுவார்கள் என்று எங்கோ படித்திருந்ததால் ஓரளவு தைரியமாகவே இருந்தேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடி வழியாக மனுவைப் பார்த்தார்.

"பூனைக்குப் பேர் உண்டா?"

இரண்டு வக்கீல்களும் கட்டுகளைப் புரட்டினார்கள். அந்தப் பேர் கட்டுக்குள் இருந்தால்தானே! பெரியப்பா எழுந்தார். "ஆடிட்டர்ங்க, ஐயா."

"கணக்கு பாப்பாரா?"

"பாக்க மாட்டார் ஐயா, மேல படுத்துக்குவார்," என்று அப்பா பின்னாலிருந்து சொல்லிவிட்டார். கோர்ட்டே சிரித்தது. பால் பற்றி யாரும் கேட்கவில்லை. தயாராக வைத்திருந்த என் விளக்கம் வீணாயிற்று.

மதியம் கமிஷனர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து அரக்கை உடைத்தார். உள்ளே, இரண்டு பேரும் அடித்துக்கொண்ட அந்தக் கணக்குக் கோப்புகளின் மேலேயே ஆடிட்டர் படுத்திருந்தார். பக்கத்தில் நான்கு குட்டிகள்.

"என்னடா இது," என்றார் பெரியப்பா. "இத்தனை வருஷமா சார், சார்னு கூப்பிட்டோமே!"

கோப்பை எடுக்கப் போன கமிஷனர் கையில் ஆடிட்டர் ஒரு கீறல் போட்டார். போட்டாள். (இனி எப்படி எழுதுவது?) கமிஷனர் போனில் நீதிபதியின் அலுவலகத்தோடு வெகுநேரம் பேசினார். சாயங்காலம் புது உத்தரவு: குட்டிகள் வளரும் வரை தாயையும் குட்டிகளையும் அங்கிருந்து நகர்த்தக் கூடாது. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அப்பாவிடம், இன்னொன்று பெரியப்பாவிடம். காலையும் மாலையும் இருவரும் சேர்ந்து திறந்து, சேர்ந்து தீனி வைத்து, சேர்ந்து பூட்ட வேண்டும். கோப்புகளை யாரும் தொடக் கூடாது.

சேர்ந்து! மூன்று தடவை!

ஜூன் 10, செவ்வாய்

கிணற்றில் தள்ளியது கணக்குப்பிள்ளை. குண்டூசி வேண்டுமென்றே சொல்லிவிட்டாள். அவளோடு நான் பேசப் போவதில்லை. (நாளைக்குப் பேசுவேன். உத்தரவு அப்படி.)

ஜூன் 12, வியாழன்

சாவித் திருவிழா. அப்பா ஒரு பூட்டைத் திறக்கிறார். தள்ளி நிற்கிறார். பெரியப்பா இன்னொன்றைத் திறக்கிறார். உள்ளே போனதும் இப்படி:

"பால் சூடா இருக்கு."

"ம்."

"ஆத்தணும்."

"ம்."

அவ்வளவுதான். நானும் குண்டூசியும் சாட்சிகளாக வாசலில் நிற்கிறோம். யாரும் நியமிக்கவில்லை, நாங்களே நியமித்துக்கொண்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஆறு வாக்கியம் பேசினார்கள். அதில் நான்கு ஆடிட்டரிடம் சொன்னவை.

ஜூன் 20, வெள்ளி

குட்டிகள் கண் திறந்துவிட்டன! சாம்பல் குட்டிக்கு நான் "மேற்படி" என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஆனால் இன்று எழுத வந்தது அதை அல்ல. மாலையில், நாள் முழுக்க ஓடிய டெஸ்டிங் மெஷின் நின்ற பிறகு, அப்பா குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பெரியப்பா காதில் விழவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் விழவில்லை. ஆடிட்டர் கத்துவதுகூட அவருக்குக் கேட்கவில்லை. தட்டைத் தேடிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே," என்றார் அப்பா. பல வாரம் கழித்து அந்தச் சொல்! "காதுல என்ன?"

பெரியப்பா தேடுவதை நிறுத்தினார். "ரீங்காரம்டா. ராத்திரி பகல் இல்லாம. டெஸ்டிங் மெஷின் என் ரூம் சன்னலுக்கு நேர் கீழ ஓடுது இல்ல? டாக்டர் இனிமே அந்தச் சத்தமே ஆகாதுன்னுட்டார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ விசிலை விட்டு வேற எதையாவது பேசினாத்தான சொல்றதுக்கு?"

குண்டூசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது. அந்த மெஷின் சத்தத்தைத் தாலாட்டு என்று இதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா இரண்டு பூட்டையும் தானே பூட்டினார். பெரியப்பா தன் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார். இது உத்தரவுக்கு முரண் என்று சொல்ல வாயெடுத்தேன். குண்டூசி குத்தினாள்.

ஜூன் 21, சனி

அப்பா சாப்பிடும்போது திடீரென்று: "ஒரே ஒரு மெஷின். அதைக் கொட்டகையோட அந்தக் கோடிக்குத் தள்ளிச் சுவர் வச்சா முடிஞ்சது. இதுக்கா அண்ணன் எல்லாத்தையும் விக்கக் கிளம்பினார்?" அம்மா: "இதுக்கா நீங்க கோர்ட்டுக்குப் போனீங்க?"

அப்பா தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது அதை நகர்த்தவே முடியாது. "நகர்த்தவோ" இருக்கிறதே! மறுபடி மாடிப்படி. மறுபடி என் பேனா. "மேற்படி டெஸ்டிங் மெஷினை மேற்படி கொட்டகையின் மறுகோடிக்கு நகர்த்த இரு தரப்பினரும் சேர்ந்து அனுமதி கேட்கிறோம்." "கேட்கிறோம்" என்பதைப் "பணிவுடன் வேண்டுகிறோம்" என்று மாற்றச் சொன்னார் பெரியப்பா. அப்பா ஒப்புக்கொண்டார். வாதம் இல்லாமல்! நான் பயந்தே போனேன்.

ஜூலை 4, வெள்ளி

அனுமதி கிடைத்து, மெஷின் நேற்று மறுகோடிக்குப் போய்விட்டது. புதுச் சுவரின் சிமென்ட் இன்னும் ஈரம். இன்று டெஸ்டிங் ஓடியபோது மேல் வீட்டில் குண்டூசி நாவல் படிக்கும் சத்தம்கூடக் கேட்டது. (உரக்கப் படிக்கிறாள், கொலைகாரனைச் சொல்லிவிடுவதற்காக.)

பள்ளி இன்று அரை நாள்தான். திரும்பி வந்தபோது பெரியப்பா ஈரத்துணியால் மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவன் போட்டுவிட்டுப் போன சாக்பீஸ் அடையாளங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. "அழிக்கவோ"வில் இது சேருமா? கேட்கவில்லை. ஒரு மெஷின் விட்டுப்போயிருந்தது. அதை நான் துடைத்தேன்.

பிறகு கீழ் வீட்டில் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஓடியாடும் அளவுக்கு வளர்ந்துவிட்ட குட்டி மேற்படி அவர் மடியில். நான்கு மணி.

மேலிருந்து ஒரு விசில். ஒன்றே ஒன்று. நீளமாக.

அப்பா பக்கத்தை மடித்தார். பூனையை என் மடிக்கு மாற்றினார். ஒரு செருப்பு கட்டிலுக்கடியில் போயிருந்தது. குனிந்து தேடி மாட்டிக்கொண்டார். படியேறும் சத்தம் கேட்டது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கமிஷனருக்குக் கடிதம் எழுத வேண்டும். பட்டியலில் கடைசி வரியில் ஒரு திருத்தம் இருக்கிறது. கோர்ட் ஆவணத்தில் தவறு இருக்கக் கூடாது அல்லவா?

பித்தளை விசில் ஒன்று. பயன்பாட்டில் உள்ளது.